மழை ஜாக்கெட் ஊறுகிறதா? கழுவுவதா, சூடு காட்டுவதா, பூச்சு ஏற்றுவதா?

வாங்கிய புதிதில் மழைத்துளிகள் உருண்டு ஓடிய ஜாக்கெட், சில மழைக்காலங்களைக் கண்டபிறகு தோள்பட்டையிலும் முன்கையிலும் நிறம் கறுத்துக் கனக்க ஆரம்பிக்கும். உள்ளே போட்ட சட்டையும் ஈரமாகும். "சரி, இதன் ஆயுசு முடிந்தது" என்று புது ஜாக்கெட் தேடக் கிளம்புகிறவர்கள் உண்டு. நீர் ஒட்டாத ஸ்ப்ரே ஒன்றை வாங்கி, அழுக்கு ஜாக்கெட்டின் மேலேயே அடித்துவிட்டு அடுத்த மழையில் ஏமாறுகிறவர்களும் உண்டு. இரண்டும் பெரும்பாலும் வீண் செலவு.

செய்யக்கூடியவை என்று பார்த்தால் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. வெறுமனே கழுவலாம். கழுவிச் சூடு காட்டலாம். கழுவும் தண்ணீரிலேயே பூச்சு மருந்தைக் கலக்கலாம். மேலே ஸ்ப்ரே அடிக்கலாம். சில துணிகளுக்கு மெழுகு தேய்க்கலாம். எதுவுமே பலிக்காவிட்டால் தூக்கிப் போடலாம். இவற்றை ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. முதல் இரண்டும் பெரும்பாலான ஜாக்கெட்டுகளுக்குப் பொது. அவற்றைச் செய்து பார்த்த பிறகுதான் மற்றவற்றில் எது என்ற கேள்வியே வரும்.

உண்மையில் நனைவது எது

நல்ல மழை ஜாக்கெட்டின் துணி பார்க்க ஒன்றாக இருந்தாலும் அடுக்கடுக்கானது. வெளியே நைலான் அல்லது பாலியெஸ்டர் மேல்துணி. அதற்குப் பின்னால் ஒட்டப்பட்ட மெல்லிய சவ்வு. அதற்கும் உள்ளே ஒரு மெல்லிய துணியோ, அச்சடித்த பூச்சோ, தனியாகத் தொங்கும் லைனிங்கோ இருக்கும். தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது சவ்வு. 1969-இல் அமெரிக்காவின் கோர் நிறுவனத்தைச் சேர்ந்த பாப் கோர் டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்து, நுண்துளைகள் நிறைந்த பொருளாக்கினார். 1976-இல் அது கோர்-டெக்ஸ் துணியாக விற்பனைக்கு வந்தது. அந்தத் துளை ஒரு நீர்த்துளியைவிட சுமார் 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிட சுமார் 700 மடங்கு பெரியது என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு. மழை உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போகும். பாலியூரிதேன் சவ்வுகள் வேறு விதமாக வேலை செய்தாலும் பலன் ஏறக்குறைய அதுதான்.

மேல்துணியின் வேலை, சவ்வைச் சிராய்ப்பிலிருந்து காப்பது. நைலான் தன்னளவில் தண்ணீரை ஏற்கும் துணி என்பதால், தொழிற்சாலையில் அதன் மேல் ஒரு நீர்விலக்குப் பூச்சு ஏற்றுகிறார்கள். லேபிளில் டிடபிள்யூஆர் என்று குறிக்கப்படுவது இதுதான். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதற்கு, மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் படிந்த மெழுகும் காரணம் என்று 1997-இல் ஜெர்மன் தாவரவியலாளர்கள் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுய்சும் விளக்கினார்கள். ஜாக்கெட்டில் இழைகளின் சொரசொரப்போடு பூச்சின் வேதியியல் சேர்ந்து அதே வேலையைச் செய்கிறது. ஆனால் தாமரை இலையானாலும் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் நனைந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பூச்சு தளர்ந்தால் மேல்துணி தண்ணீரைக் குடித்து ஊறிவிடும். சவ்வு அப்போதும் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. ஆனால் வெளியே ஈரப்படலம் மூடிக்கொண்டதால் வியர்வை ஆவிக்கு வழி அடைபடுகிறது. ஈரத்துணி உடம்பின் சூட்டையும் உறிஞ்சுவதால், உள்பக்கம் குளிர்ந்து, ஆவி அங்கேயே நீராகப் படிகிறது. ஜாக்கெட் ஒழுகுகிறது என்று நாம் சொல்வதில் பாதி நம்முடைய வியர்வைதான்.

ஒழுகலா, ஊறலா என்று பிரித்தறிவது எளிது. ஜாக்கெட்டின் ஒரு பகுதியை வெளிப்புறம் மேலாக வைத்து, குழிவாகப் பிடித்து, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் உலர்ந்த டிஷ்யூ காகிதம் ஒன்றை வையுங்கள். பத்து நிமிடம் கழித்து, மேல்துணி கறுத்திருந்தும் காகிதம் உலர்ந்திருந்தால், பூச்சுதான் போயிருக்கிறது, சவ்வு நன்றாக இருக்கிறது. காகிதம் நனைந்திருந்தால் சவ்வோ, தையல் துளைகளை உட்பக்கம் மூடியிருக்கும் நாடாவோ பழுது. அப்படிப்பட்ட ஜாக்கெட்டுக்கு எந்தப் பூச்சு பாட்டிலும் பலன் தராது. தோள், முழங்கை, உட்காரும் இடம் என்று தேய்மானம் அதிகமுள்ள இரண்டு மூன்று இடங்களில் இதைச் செய்து பாருங்கள். முதுகுப்பை வாரின் கீழே ஒரு தடவை கட்டாயம்.

முதல் வழி: கழுவுதல்

"அடிக்கடி கழுவினால் பூச்சு போய்விடும்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மூன்று வருடமாக ஜாக்கெட்டைத் தண்ணீரிலேயே போடாமல் பாதுகாக்கிறவர்கள் இருக்கிறார்கள். நடப்பது தலைகீழ். தோலின் எண்ணெய், வியர்வை உப்பு, சன்ஸ்கிரீன், அடுப்புப் புகை, சேறு எல்லாம் மேல்துணியின் இழைகளில் படிந்து பூச்சை மூடிவிடுகின்றன. பூச்சு அங்கேயே இருக்கிறது, ஆனால் தண்ணீர் தொடுவது அழுக்கைத்தான். அழுக்கோ தண்ணீரை விரும்பி ஏற்கும். காலரும் மணிக்கட்டும் முதலில் ஊறுவதற்குக் காரணம் இதுதான். எண்ணெய் சவ்வுக்கும் நல்லதல்ல. நாளடைவில் ஒட்டுப்பசையைத் தளர்த்தி அடுக்குகளைப் பிரித்துவிடக்கூடும்.

ஆகவே முதல் கேள்வி கழுவலாமா என்பதல்ல, எதைக் கொண்டு கழுவுவது என்பதுதான். வழக்கமான சலவைத்தூள் அழுக்கை எடுக்கும். ஆனால் அதன் எச்சம் துணியில் தங்கினால், தாமரை இலையில் சோப்புத் தண்ணீர் செய்ததை அது இங்கே செய்யும். அழுக்கை நீருடன் கலக்க வைப்பதுதான் அதற்கு வேலை. அது துணியிலேயே தங்கிவிட்டால் மழையையும் துணிக்குள் அழைத்துவரும். துணி மிருதுவாக்கும் கண்டிஷனர் இன்னும் மோசம். மிருதுத்தன்மைக்காக இழைமேல் ஒரு படலத்தை விட்டுச் செல்வதே அதன் நோக்கம். பிளீச் வேண்டாம், டிரை கிளீனிங்கும் வேண்டாம்.

மிச்சம் இரண்டு வழி. வாசனையும் கண்டிஷனரும் சேர்க்காத திரவச் சலவை சோப்பைக் கொஞ்சமாக ஊற்றி, இரண்டு தடவை நன்றாக அலசலாம். கோர் நிறுவனமே ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறது. அல்லது நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் போன்றவர்கள் மழை உடுப்புக்கென்றே விற்கும் கழுவும் திரவத்தை வாங்கலாம். அதைப் பூச்சு மருந்து விற்பவர்களேதான் விற்கிறார்கள், ஆகவே "சாதாரண சோப்பு தொடவே கூடாது" என்ற அவர்களுடைய பேச்சைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். என் கணக்கு இது. இடையிடையே செய்யும் சலவைக்குக் கொஞ்சம் திரவச் சோப்பும் நல்ல அலசலும் போதும். அடுத்ததாகப் புதுப் பூச்சு ஏற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் சிறப்புத் திரவம் வாங்குவது நியாயம். சோப்பு எச்சத்தின் மேல் ஏற்றிய பூச்சு ஒட்டாமல் போனால் இரண்டு பாட்டில் காசும் வீண். கடின நீர் வரும் வீடுகளில் சோப்பு அடிப்படையிலான திரவம் கூடுதலாகத் தேவைப்படும், அதற்குத் தகுந்த அளவைப் பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள்.

மெஷினில் போடுமுன் சலவைத்தூள் ஊற்றும் தட்டைக் கழற்றிக் கழுவிவிடுங்கள். பழைய தூளும் கண்டிஷனரும் அதில் கட்டிப்போய்க் கிடக்கும். ஜிப்களை மூடி, ஒட்டும் பட்டைகளை ஒட்டி, இழுகயிறுகளைத் தளர்த்திவிட்டு, லேபிளில் போட்டிருக்கும் சூட்டில் (பெரும்பாலும் 30 அல்லது 40 டிகிரி) மென்மையான சுற்றில் விடலாம். சுழற்றிப் பிழிவதில் மட்டும் கவனம். நீர்புகாத் துணிக்குள் தண்ணீர் ஓரிடத்தில் தேங்கிக்கொண்டால், வேகமாகச் சுற்றும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து மெஷினே குதிக்கும். மேலிருந்து துணி போடும் மெஷின்கள் பலவற்றின் கையேட்டில் நீர்புகா உடுப்பைப் பிழியக் கூடாது என்ற எச்சரிக்கையே இருக்கும். அப்படிப்பட்ட மெஷின் வைத்திருப்பவர்கள் வாளியில் வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவுவது நல்லது. முறுக்கிப் பிழியாமல், தொங்கவிட்டு வடியவிடுங்கள்.

உலர்ந்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி உருண்டால் வேலை முடிந்தது, எந்தப் பாட்டிலும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது வழி: சூடு

கழுவியும் துளி தட்டையாகப் பரவுகிறது என்றால் அடுத்தது சூடு. பூச்சின் மூலக்கூறுகளில் நீரை விலக்கும் பக்கச் சங்கிலிகள் இழையிலிருந்து வெளிநோக்கி நிற்க வேண்டும். உரசலிலும் கழுவலிலும் மடித்து வைப்பதிலும் அவை தாறுமாறாகச் சாய்ந்துவிடும். சூடு கிடைத்தால் அசைந்து மறுபடி நிமிரும். காசு செலவே இல்லாத இந்த வழியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

டிரையர் இருந்தால் சுலபம். ஜாக்கெட் உலர்ந்த பிறகு, மிதமான சூட்டில் இன்னும் 20 நிமிடம் ஓடவிடுங்கள். லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிரையரில் போடலாம், அதன் மேல் குறுக்குக் கோடு இருந்தால் கூடாது. வட்டத்துக்குள் ஒரு புள்ளி குறைந்த சூடு, இரண்டு புள்ளி நடுத்தரச் சூடு. டிரையர் இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டி. மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், பெட்டிக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் மெல்லிய பருத்தித் துணியோ துண்டோ விரித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஜிப்பின் மேலும் ரப்பர் எழுத்துகளின் மேலும் பெட்டி படக் கூடாது. தலைமுடி உலர்த்தும் டிரையர் தோள்பட்டை அளவுக்கு ஒரு சிறு பகுதியைச் சரிசெய்ய உதவும், முழு ஜாக்கெட்டுக்கு அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. "வெயிலில் போட்டால் அதுவும் சூடுதானே" என்று கேட்கலாம். வெயில் அந்த அளவுக்குச் சூடேற்றாது. போதாததற்குப் புற ஊதாக்கதிர் நைலானையும் பாலியூரிதேனையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். நிழலில் உலர்த்துங்கள்.

உட்பக்கம் ரப்பர்போலப் பூசிய மலிவான மழைக்கோட்டுகளுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். சூட்டில் பூச்சு சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு ஈரத்துணியால் துடைத்துக் காயவைப்பது போதும்.

கழுவி, சூடு காட்டியும் துளி உருளவில்லை என்றால் பழைய பூச்சு உண்மையாகவே தேய்ந்துவிட்டது. இங்கேதான் பாட்டில் வாங்கும் பேச்சே வர வேண்டும்.

நீரில் கலப்பதா, மேலே அடிப்பதா

எந்தப் பூச்சும் தொழிற்சாலைப் பூச்சுக்கு ஈடாகாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. அங்கே துணியாக இருக்கும்போதே ரசாயனக் கரைசலில் முக்கி, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, 150 டிகிரிக்கு மேல் சூட்டில் பதப்படுத்துகிறார்கள். ஆய்வகத்தில் அதற்கென்று ஒரு சோதனையும் இருக்கிறது. 45 டிகிரி சாய்வில் வைத்த துணியின் மேல் 150 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 250 மில்லிலிட்டர் தண்ணீரைத் தூவி, ஒட்டிய ஈரத்தைப் பார்த்து 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார்கள்.  துணி வியாபாரத்தில் "80/20" என்று சொன்னால் 20 சலவைக்குப் பின்னும் 80 மதிப்பெண் நிற்கும் என்று பொருள். வீட்டில் ஏற்றும் பூச்சு அவ்வளவு நிற்காது. ஆனால் அடிக்கடி செய்துகொள்ளலாம், சாதாரணத் தேவைக்கு அது போதுமானது.

நீரில் கலக்கும் வகையின் பெரிய பலம் சீரான பரவல். தையல் மடிப்பு, ஜிப் ஓரம், பையின் மூடி, தொப்பியின் விளிம்பு எங்கும் விட்டுப்போகாது. கழுவிய ஈர ஜாக்கெட்டை எடுக்காமலே இன்னொரு சுற்று ஓடவிட்டால் முடிந்தது. ஒரே சுற்றில் ஜாக்கெட்டோடு மழைக்கால்சட்டையும் சேர்த்துப் போடலாம். நுணுக்கமான கைவேலை எதுவும் இல்லை, தவறு செய்ய இடமும் குறைவு.

பலவீனமும் அதே இடத்தில்தான். அது உள்பக்கம், வெளிப்பக்கம் என்று பார்க்காது. வியர்வையை உறிஞ்சிப் பரப்பும் லைனிங் உள்ள ஜாக்கெட்டில் அந்த லைனிங்கும் நீர் விலக்கத் தொடங்கும். வியர்வை உறிஞ்சப்படாமல் தோலோடு ஈரமாக நிற்கும். மூன்று அடுக்கும் ஒன்றாக ஒட்டப்பட்டு, உட்புறம் மெல்லிய வலைத்துணி மட்டும் இருக்கும் ஜாக்கெட்டில் இது பெரிய குறையாகத் தெரியாது. தனி லைனிங் தொங்கும் இரண்டடுக்கு ஜாக்கெட்டில் நிச்சயம் தெரியும். இன்னொன்று, மருந்தின் ஒரு பகுதி உள்பக்கத்துக்கும் இன்னொரு பகுதி சாக்கடைக்கும் போகிறது. மெஷினில் எச்சம் தங்கினால் அடுத்து போடும் குளியல் துண்டு தண்ணீரை உறிஞ்ச மறுக்கும். வெறும் சுற்று ஒன்று சுடுநீரில் ஓடவிட்டால் தீரும்.

ஸ்ப்ரே இதற்கு நேர் எதிர். தேவைப்படும் இடத்துக்கு மட்டும் அடிக்கலாம். வாரின் கீழே தேய்ந்த தோள், முன்கை, தொப்பியின் உச்சி, இவை மட்டும்தான் ஊறுகின்றன என்றால் முழு ஜாக்கெட்டையும் முக்குவதில் அர்த்தமில்லை. லைனிங் தப்பித்துவிடும். ஒரு பாட்டில் பல தடவை வரும். ஆனால் முழு ஜாக்கெட்டுக்கும் ஸ்ப்ரே அடிப்பது நினைப்பதைவிடச் சிரமம். கழுவிய ஈர ஜாக்கெட்டை ஹேங்கரில் தொங்கவிட்டு, ஜிப்பை மூடி, ஒரு சாண் தூரத்திலிருந்து சீராக அடித்து, கைகளைத் தூக்கி அக்குளையும் பக்கவாட்டையும் விடாமல் நனைத்து, இரண்டு நிமிடம் கழித்து வழியும் மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றாமல் விட்டால் கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். விட்டுப்போன இடங்கள் அடுத்த மழையில்தான் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

ஸ்ப்ரேயைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று மூச்சு. நீர்விலக்கும் மருந்தின் நுண்துளி நுரையீரலுக்குள் போனால், காற்றறைகள் சுருங்காமல் காக்கும் இயற்கைப் படலத்தைக் கெடுக்கக்கூடும். 2002-03 குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் இப்படிப்பட்ட ஸ்ப்ரேக்களைப் பயன்படுத்திய நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. அழுத்தக் காற்று நிரப்பிய டப்பாவிலிருந்து வரும் மூடுபனி போன்ற நுண்துளிதான் அதிக ஆபத்து. கையால் அழுத்தும் பம்ப் பாட்டிலின் துளி பெரிது, கீழே விழுந்துவிடும். ஆகவே பம்ப் பாட்டிலை மட்டும் வாங்குங்கள். திறந்த வெளியில், காற்று உங்களிடமிருந்து விலகிப் போகும் திசையில் நின்று அடியுங்கள். குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் அருகில் வேண்டாம். குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பது கூடவே கூடாது. அடுக்குமாடி வீட்டில் பால்கனிகூட இல்லை என்றால், நீரில் கலக்கும் வகையையே எடுத்துக்கொள்ளலாம். லைனிங் கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை.

இரண்டில் எது என்று கேட்டால், மூன்றடுக்கு ஜாக்கெட், மழைக்கால்சட்டை, லைனிங் இல்லாத மெல்லிய மழை உடுப்பு இவற்றுக்கு நீரில் கலப்பது. லைனிங் உள்ளவை, பஞ்சு வைத்த குளிர்கால ஜாக்கெட், ஓரிரு இடம் மட்டும் தேய்ந்தவை இவற்றுக்கு ஸ்ப்ரே. வாத்திறகு நிரப்பிய ஜாக்கெட் தனி விஷயம், அதற்கென்று தனி மருந்து உண்டு. எனக்குச் சரியாகப்படும் நடைமுறை, முழு ஜாக்கெட்டும் ஊறத் தொடங்கும்போது ஒரு தடவை நீரில் கலந்து ஏற்றிவிட்டு, நடுவில் தோளுக்கும் முன்கைக்கும் மட்டும் ஸ்ப்ரே அடித்துக்கொள்வது.

வாங்கும்போது லேபிளில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: சூடு கட்டாயமா, காற்றில் உலர்ந்தாலே போதுமா. சில மருந்துகள் டிரையர் சூட்டில்தான் முழுப் பலன் தரும். சில காற்றில் உலர்ந்தாலே பிடித்துக்கொள்ளும். டிரையர் இல்லாத வீட்டுக்கு இரண்டாவது வகைதான். விளம்பரம் செய்யும் மற்ற வித்தியாசங்களைவிட இது முக்கியம்.

பாட்டிலுக்குள் இருப்பது

முன்பு இந்தத் துறையை ஆண்டது ஃபுளோரின் சேர்மங்கள். எட்டுக் கார்பன் நீளச் சங்கிலி கொண்ட சி8 வகை தண்ணீரோடு எண்ணெயையும் விலக்கும், வருடக்கணக்கில் நிற்கும். அந்த உறுதியே வினையானது. பிஃபாஸ் என்று மொத்தமாக அழைக்கப்படும் இந்தச் சேர்மங்கள் இயற்கையில் சிதைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நிலைத்து நிற்பவை. சி8 வகையோடு தொடர்புடைய பிஎஃப்ஓஏவை 2015-க்குள் கைவிட, அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006-இல் எட்டு பெரிய உற்பத்தியாளர்களோடு ஒரு திட்டம் தொடங்கியது. எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் 2019-இல் அது சேர்ந்தது. நடுவில் குறுகிய சங்கிலி சி6 வந்தது, அதுவும் பிஃபாஸ்தான். கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் புதுத் துணிகளில் பிஃபாஸைத் தடை செய்தது, கடும் மழைக்கான உடுப்புகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். பிரான்சில் 2026 ஜனவரி முதல் உடுப்பு, காலணிகளோடு அவற்றுக்கான நீர்விலக்கு மருந்துகளுக்கும் தடை வந்திருக்கிறது.

இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது மெழுகு, சிலிக்கோன், நீட்சியுள்ள பாலிமர் இவற்றில் ஒன்றை அடிப்படையாகக் கொண்ட ஃபுளோரின் இல்லாத மருந்துகள். 1977-இல் தொடங்கிய நிக்வாக்ஸ், ஆரம்பம் முதலே ஃபுளோரின் சேர்த்ததில்லை என்று சொல்லிக்கொள்கிறது. மழையை விலக்குவதில் இவை நன்றாகவே வேலை செய்கின்றன. தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது துளியைப் பரவவிடாமல் உருண்டையாக்கும் இழுப்பு, 72 மில்லிநியூட்டன்/மீட்டர், அதை உருட்டிவிட மெழுகும் சிலிக்கோனும் போதும். எண்ணெயின் இழுவிசை ஏறக்குறைய 20-லிருந்து 30 வரைதான், அதனால் அது எளிதில் பரவிவிடும். அதை விலக்க ஃபுளோரின்தான் வேண்டும். ஆகவே புதுப் பூச்சின் மேல் தோல் எண்ணெயும் சமையல் எண்ணெயும் சுலபமாக ஒட்டும், ஒட்டிய இடத்தில் மழையும் ஊறும். இதற்குப் பரிகாரம் இன்னும் அடிக்கடி கழுவுவதுதான். பழைய ஜாக்கெட்டைக் கழுவாமலே ஓட்டிய பழக்கம் புது ஜாக்கெட்டிடம் செல்லாது.

பழைய இருப்பில் ஃபுளோரின் ஸ்ப்ரே கிடைத்தால் "அதுதான் நிற்கும்" என்று வாங்கத் தோன்றும். மலையேறும் ஓய்வுநாள் உடுப்புக்கு அது தேவையில்லை என்பது என் தீர்மானம். எண்ணெயும் ரசாயனமும் தெறிக்கும் வேலையிடத்து உடுப்பு வேறு கதை, அதை வீட்டில் பூச்சு ஏற்றிச் சமாளிக்கவும் கூடாது.

மெழுகு

பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த தடித்த துணிக்கும், மெழுகேற்றிய பருத்தி ஜாக்கெட்டுக்கும் மட்டும் இது பொருந்தும். மெழுகுக் கட்டியைத் துணியில் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியாலோ முடி டிரையராலோ உருக்கி இறக்குவார்கள். காற்றையும் தூறலையும் நன்றாகத் தாங்கும், மணிக்கணக்கில் கொட்டும் மழையைத் தாங்காது. சவ்வு உள்ள ஜாக்கெட்டில் தேய்த்தால் ஆவி போகும் வழி அடைபட்டுவிடும், அத்தோடு அந்த ஜாக்கெட் வெறும் பிளாஸ்டிக் உறை.

பூச்சே வேண்டாத ஜாக்கெட்

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சவ்வை வெளிப்பக்கம் வைத்துச் செய்த ஜாக்கெட்டுகளும் உண்டு. மேல்துணியே இல்லாததால் ஊறுவதற்கு எதுவும் இல்லை. கோரின் ஷேக்டிரை அப்படி வந்தது, இப்போது அதை நிறுத்திவிட்டார்கள். கொலம்பியாவின் அவுட்டிரை எக்ஸ்ட்ரீம் அதே கருத்தில் வந்த இன்னொன்று. மழையில் இவை அருமை. ஆனால் முதுகுப்பை வாரும் முட்செடியும் நேரடியாகச் சவ்விலேயே உரசும் என்பதால், கனமான பை சுமப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஓடுபவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் பொருந்தும்.

எப்போது விட்டுவிடலாம்

உட்பக்கம் பிசுபிசுப்பாகி, வெள்ளைச் செதிலாக உதிர்ந்தால், அல்லது கெட்டுப்போன எண்ணெய் வாடை அடித்தால், பாலியூரிதேன் ஈரத்தில் சிதைந்துவிட்டது. அதை மீட்க வழியில்லை. மேல்துணி கொப்புளம் கொப்புளமாகச் சவ்விலிருந்து எழும்பி நின்றால் அடுக்குகள் பிரிந்துவிட்டன, அதற்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. இந்த இரண்டு நிலையிலும் பூச்சு மருந்து வாங்காதீர்கள்.

தையலின் உட்பக்க நாடா மட்டும் உரிந்திருந்தால் அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம். பழைய பசையை ஆல்கஹாலால் துடைத்து, சூட்டில் ஒட்டும் புது நாடாவோ தையல் அடைக்கும் திரவப் பசையோ வைத்துச் சரிசெய்யலாம். சிறு கிழிசலுக்கு ஒட்டுத்துண்டு போதும், ஓரங்களை வட்டமாக வெட்டி ஒட்டினால் எளிதில் எழும்பாது. ஒட்டுவதாக இருந்தால் பூச்சு ஏற்றுவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள், நீர்விலக்கும் துணியில் பசையும் பிடிக்காது.

சவ்வு பிரிந்தது உற்பத்திக் குறையாகவும் இருக்கலாம், ஆகவே உத்தரவாதம் மிச்சமிருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். அனுப்பும் முன் கழுவி உலர்த்தி அனுப்புங்கள். அழுக்கோடு வரும் உடுப்பைப் பல நிறுவனங்கள் பிரித்துப் பார்க்காமலே திருப்பிவிடுவார்கள்.